கனார்ஸி என்ற துண்டு

காலை பதினொரு மணிக்கு ரென்சோ கலாப்ரோ அந்தப் பழைய செங்கல் வீட்டின் மணியை அழுத்தினான். நியூயார்க் சுரங்க ரயில்களில் ஒரு காலத்தில் ஜன்னலுக்கு மேலே நிறுத்தங்களின் பெயரைக் காட்டிய துணிச் சுருள்களை வாங்கி விற்பவன் அவன். இறந்துபோன ரயில் கண்டக்டர் ஆர்லிஸ் டப்ஸின் தங்கை ஒடெஸா அவனை நிலவறைக்கு அழைத்துப் போனாள்.

ஈரத்துணியும் இரும்புத்தூளும் கலந்த வாடை அடித்தது. சுவரில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் கறுப்புத் துணிச் சுருள், வெள்ளை எழுத்துகள், பக்கவாட்டில் ஒரு கைப்பிடி.

ஓய்வு பெற்ற பிறகும் அண்ணன் தினமும் மாலை நான்கு மணிக்குக் கைப்பிடியைச் சுழற்றி, கடைசி நிறுத்தமான கனார்ஸியைப் பெட்டியின் கண்ணாடிக்குக் கொண்டுவருவாராம். ஏன் என்று கேட்டால், வண்டியில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பாராம்.

"முழுசா வச்சுக்கிறவங்களுக்குத்தான் தருவேன், தம்பி. வெட்டிடாதீங்க."

"நான் என்ன கசாப்புக் கடையா வச்சிருக்கேன்?" என்று சிரித்தான் ரென்சோ.

சேகரிப்பாளர்கள் அவனைக் கசாப்புக்காரன் என்றுதான் அழைத்தார்கள். இருபதடிச் சுருள் எந்த வீட்டுச் சுவரிலும் தொங்காது. பெயர் பெயராக நறுக்கிச் சட்டமிட்டால், அந்தந்தப் பேட்டைக்காரர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். கனார்ஸி அவன் குடியிருக்கும் பேட்டை. அதற்கு ஆள் தயாராக இருந்தார்.

மதியம் தன் பட்டறையில், பெட்டியோடு வாங்கி வந்த சுருளில் கனார்ஸி என்ற பெயரை வெட்டக் கத்தரியை வைத்தான். துணி பிளந்தபோது, பலர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளிழுத்தது போலக் கேட்டது.

நான்கு மணிக்கு மனைவி மார்லீன் போன் செய்தாள். மருத்துவமனை வேலை முடிந்து வீட்டுக்கு ரயிலேறியிருந்தாள்.

"ரென்சோ, வண்டி நிக்கவே இல்ல. கனார்ஸி தாண்டிப் போயிடுச்சு."

கனார்ஸியோடு தண்டவாளம் முடிந்துவிடும். அவன் அதைச் சொன்னான்.

"தெரியும். இன்னும் போகுது."

பிறகு அவள் கிசுகிசுத்தாள். "பழைய காலத்துப் பெட்டி. ஜன்னல் மேல பேர் இருக்கிற இடத்துல ஓட்டை. கத்தரியால வெட்டின மாதிரி. எதிர்ல உக்காந்திருக்கிறவங்க உன் பேரச் சொல்றாங்க."

அவன் ஊசியை எடுத்தான்.

துண்டைச் சுருளோடு சேர்த்துத் தைக்கையில் விரல்களில் மூன்று முறை குத்திக்கொண்டான். சுருளைப் பெட்டியில் ஏற்றிக் கைப்பிடியைச் சுழற்றினான். ஆழத்திலிருந்து பாரமான எதையோ இழுப்பது போலிருந்தது. தையல் தெரிய, கனார்ஸி மெல்ல மேலே வந்தது.

போனில் பிரேக் கிறீச்சிட்டது. அவன் காலடியில் தரை அதிர்ந்தது.

"கதவு திறந்துடுச்சு" என்று அழுதாள் மார்லீன்.

"இறங்கு."

"அவங்க இறங்குறாங்க. எத்தனை பேர்..."

செருப்போசைகள். நூற்றுக்கணக்கில். அவசரமே இல்லாமல்.

"நீ இறங்கு, மார்லீன்."

"விடமாட்டேங்கறாங்க. டப்ஸ் போனதுக்கப்புறம் வண்டிக்குக் கண்டக்டர் இல்லையாம். உன் வீட்டிலேருந்து ஒருத்தர் இருக்கணுமாம். எனக்குப் பதிலா நீ வர்றியான்னு கேக்கறாங்க."

ரென்சோ வாயைத் திறந்தான்.

பட்டறைக் கடிகாரத்தின் முள் ஐந்து நொடி நகர்ந்தது.

"சரி" என்றாள் மார்லீன்.

கதவுகள் மூடிக்கொண்டன.

அன்று மாலை எந்த ரயிலிலும் அவள் ஏறியதாக நிலையக் கேமராக்களில் பதிவில்லை என்று போலீஸ்காரர்கள் பிறகு சொன்னார்கள்.

மறுநாள் நான்கு மணிக்குக் கைப்பிடி தானாகச் சுழன்றது. ரென்சோ பாய்ந்து அதைப் பிடித்தான். இரும்பு இளஞ்சூடாக இருந்தது. மருத்துவமனைச் சோப்பின் வாசனை வந்தது.

கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவன் விரல்களை ஒவ்வொன்றாக, பொறுமையாக, விலக்கிவிட்டது.