பீடக்கல்லில் ஈரம்

புதுப் பீடத்தின் வலது மூலையில் விரித்த உள்ளங்கை வடிவில் ஓர் ஈரத்தடம் இருந்தது. துடைத்தாள். போகவில்லை.

இருநூறு வருஷத்துப் பழைய தேவாலயம் அது. கரையான் அரித்த மரப்பீடத்தையும் வாசக மேடையையும் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் இயற்கைக் கல்லில் அமைத்துத் தருவதாகப் பொறுப்பேற்றவள் அவள்தான். கல் வேலை முழுக்கத் தம்பி. தரையைத் தோண்டியபோது கிடைத்த பெரிய பலகைக் கல்லையே அவன் கழுவித் தேய்த்துப் பீடமாக நிறுத்தியிருந்தான். கழுவிய கல் மூன்று வாரமாவது காய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆயர் பீடத்தை அர்ச்சித்துப் புனிதப்படுத்த வருகிறாரே என்ற அவசரத்தில், ஐந்தாம் நாளே அதன்மேல் தண்ணீர் புகாத பூச்சை அடிக்கச் சொன்னவளும் அவள்தான். உள்ளே இருந்த ஈரம் பின்னே எங்கே போகும்? சனியன், அங்கேயே கிடந்தது.

அப்படித்தான் முதலில் நினைத்தாள்.

மறுநாள் அந்தக் கைத்தடம் முழங்கை வரை வளர்ந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் தோள். மெழுகு வாசனையும் கல்தூசியும் கலந்த அந்த நீண்ட கூடத்தில், வண்ணக் கண்ணாடி வழியாக விழுந்த மதிய வெயில் பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து பீடத்தைத் தொட்டும்கூட, அந்தக் கல் மட்டும் சில்லென்றே கிடந்தது. காதை வைத்தால், யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது போல ஓர் அடைப்பு.

வெள்ளிக்கிழமை தம்பி, காதில் வழக்கமான பென்சிலோடு, சுத்தியலால் கல்லைத் தட்டிப் பார்த்தான். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். இது பொத்தென்றது.

“அக்கா, எனக்கு இந்தக் கல்லே பிடிக்கல. தூக்கிப் போட்டுட்டு வேற வைப்போம்.”

“ரெண்டு நாள்ல வேற கல்லுக்கு எங்கடா போறது? மேல்பூச்சை மட்டும் தேய்ச்சு எடு, போதும்.”

“நேத்து கை வச்சேன்க்கா. உள்ளேருந்து யாரோ அழுத்துன மாதிரி இருந்துச்சு.”

“நல்லா இருக்குடா! கல்யாணம் ஆகப் போறவன் பேசற பேச்சா இது? நான் பக்கத்துலயே நிக்கறேன், போதுமா?”

அவன் முகம் வெளுத்திருந்தது. அது தெரிந்துதான் அதட்டினாள். சின்ன வயசிலிருந்தே அவள் அதட்டினால் அவன் கேட்டுவிடுவான்.

கல் தேய்க்கும் மெஷின் கிறீச்சிட்டது. வெள்ளைத் தூசி எழும்பி அவனை இடுப்புவரை மறைத்தது. அந்த நேரம் பார்த்து ஃபாதரிடமிருந்து போன். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வாசல்வரை போனாள். இரண்டே நிமிஷம்.

திரும்பியபோது மெஷின் தரையில் கிடந்து தனியாகச் சுழன்றுகொண்டிருந்தது.

“தம்பி?”

ஸ்விட்சை அணைத்தாள். பக்கக் கதவில் உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. வாசலில் அவளே நின்றிருந்தாள். வேறு வழி கிடையாது.

தூசி மெல்ல இறங்கியது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

கல்லில் இப்போது இரண்டு ஈர உருவங்கள். ஒன்று பெரியது. இன்னொன்று, காதில் செருகிய பென்சில் உட்பட, அவன்.

“ஐயோ, நான்தானேடா நிக்க வச்சேன்...”

நகத்தால் சுரண்டினாள். நகம் பெயர்ந்தது. கல்லுக்குள் அவன் தலை அசைந்தது. அவள் பக்கம் திரும்பியது. வாய் திறந்தது.

பெரிய உருவத்தின் கை நிதானமாக நகர்ந்து வந்து, அந்த வாயைப் பொத்தியது.