கொடுப்புக்குள் இரண்டு குளிசை

ட்ரிங்... ட்ரிங்...!

திருகோணமலை. காலை பத்து மணி.

டொக்டர் றுஷ்தா போனை எடுத்தாள். மாவட்டத்தில் மலேரியா என்று யார் வந்தாலும் அவள் தலையில்தான் விடியும்.

"டொக்டர்! லாப்ல இருந்து யோசேப் கதைக்கிறன். ஒண்டும் சாகேல்லை!"

"எது சாகேல்லை?"

"கிருமிதான்! ஏழாம் கட்டில் றம்ஸான்ட ரத்தத்தில. ரெண்டு நாள் மருந்து குடுத்தாச்சு. இந்நேரம் முக்கால்வாசி செத்திருக்கோணும். நேத்தைக்குப் பார்த்ததை விடக் கூட நிக்குது!"

றுஷ்தா போனை வைத்துவிட்டு எழும்பினாள்.

நாட்டுக்குள் மலேரியா கிடையாது. வந்தால் வெளியிலிருந்துதான் வரும். றம்ஸான் கிண்ணியாக்காரன், கப்பல் வேலை, மொசாம்பிக்கிலிருந்து காய்ச்சலோடு இறங்கியவன்.

வாட்டுக்கு ஓடினாள். லாப்பிலிருந்து யோசேப்பும் ஓடி வந்து சேர்ந்தான்.

"ரெண்டில ஒண்டு," என்றாள் மூச்சு வாங்க. "கிருமி மருந்தை மதிக்காத ரௌடியா மாறியிருக்கோணும். இல்லாட்டி மருந்து வயித்துக்குள்ள போகேல்லை."

"ரௌடி எண்டா?"

"கொழும்பே இங்க வந்து குந்தும். வேற மருந்து பார்க்கோணும். அதுவரைக்கும் அந்த மனுசன் தாங்குவாரோ தெரியாது."

வாட்டுத் தாதி இன்பமலர் மிஸ்ஸி இடுப்பில் கை வைத்தாள்.

"நான் முன்னுக்கு நிண்டு விழுங்க வைக்கிறனான் டொக்டர்! நாலு குளிசை, ஒரு கோப்பை பால். வாயைத் திறக்கச் சொல்லியும் பார்க்கிறனான்!"

நுளம்புவலைக்குள் றம்ஸான் நடுங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மனைவி ரிப்கா, மடியில் சாப்பாட்டுக் கேரியர்.

றுஷ்தா அவன் பற்களைப் பார்த்தாள். சிவப்பு!

"வெத்திலை போடுவீங்களோ?"

அந்த நடுக்கத்திலும் றம்ஸானுக்குப் பெருமை.

"கப்டனோட கதைக்கேக்கையும் கன்னத்துக் கொடுப்புக்குள்ளதான் கிடக்கும் டொக்டர். பத்து வருசமா அந்தாளுக்குத் தெரியாது!"

ரிப்கா தலையில் கை வைத்தாள். றுஷ்தா அதைக் கவனித்தாள்.

"மிஸ்ஸி, அடுத்த நேரக் குளிசையைக் குடுங்கோ."

நான்கு மஞ்சள் குளிசைகள். பால். மடக்... மடக்...

"போயிட்டுது," என்றான். வாயைத் திறந்தும் காட்டினான்.

றுஷ்தா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மொசாம்பிக் எப்பிடி?"

"நல்லம்."

"சாப்பாடு?"

"நல்லம்."

"கொஞ்சம் விரிவாச் சொல்லுங்கோவன்..."

ஒரு நிமிடம்... இரண்டு... மூன்று... றம்ஸானின் முகம் கோணியது. உதட்டோரம் மெல்ல ஒரு மஞ்சள் கோடு இறங்கியது!

"துப்புங்கோ!"

பாதி கரைந்த இரண்டு குளிசைகள் உள்ளங்கையில் விழுந்தன. இன்பமலரின் வாய் பிளந்தது.

ரிப்கா அழுதேவிட்டாள்.

"அஞ்சலோ அண்ணனுக்கு டொக்டர்! ஒரே கப்பல். லிங்கநகர்ல காய்ச்சலோட கிடக்கிறார். ஒவ்வொரு நேரமும் ரெண்டு. நான்தான் கேரியருக்குள்ள வைச்சுக் கொண்டு போறன்."

"அவரை இங்க கூட்டிக்கொண்டு வந்தா ஓசியில மருந்து குடுப்பம்தானே?"

"வந்தா வாட்டுல மறிப்பீங்க," றம்ஸான் முனகினான். "பிறகு ஒரு மாசம் ரத்தம் குத்தி எடுப்பீங்க. ரெண்டு நாள்ல அவனுக்குக் கப்பல். கடையிலயும் இந்தக் குளிசை வாங்க ஏலாது. கடல்ல விழுந்த என்னை இழுத்து எடுத்தவன் அவன். விட ஏலுமா?"

றுஷ்தாவுக்கு ஆத்திரமும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"அவருக்கு மலேரியா எண்டு ஆர் சொன்னது?"

"கப்பல்ல ஆரும் சொல்றதில்ல. காய்ச்சலெண்டா இதைப் போடுவம். காய்ச்சல் விட்டா மிச்சத்தைப் பொத்தி வைப்பம்."

"அதுதான் பிழை! முழுசா அடிச்சா கிருமி சாகும். அரைகுறையா அடிச்சா அடி தாங்கப் பழகும். முந்தின மருந்தெல்லாம் இப்பிடித்தான் உதவாமப் போனது. நீங்க ரெண்டு பேரும் அதுக்கு டியூசன் குடுத்திருக்கிறீங்க!"

லிங்கநகர்!

அஞ்சலோ போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். யோசேப் அவன் விரலில் குத்தி, மலேரியா பார்க்கும் அட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டான். பதினைந்து நிமிடம்...

"மலேரியாக் கோடே இல்லை டொக்டர்."

"மருந்து போட்டபடியா இருக்குமோ?"

"கிருமி செத்தாலும் இந்த அட்டை கிழமைக்கணக்கா கோடு காட்டும். இவருக்கு மலேரியா வரவே இல்லை!"

றுஷ்தா அடுத்த அட்டையை எடுத்தாள். அதில் கோடு பளிச்சென்று விழுந்தது.

டெங்கு!

"உள்ளூர் நுளம்பு கடிச்சிருக்கு," என்றான் யோசேப். "றம்ஸான் உயிரைக் குடுத்து அனுப்பின குளிசை, உமக்கு ஒரு சதத்துக்கும் உதவேல்லை. வெத்திலை வாசமாவது வரேல்லையோ?"

"வந்தது," என்றான் அஞ்சலோ. "மருந்தின்ட வாசமெண்டு நினைச்சன்..."

அதன்பின் நான்காம் நாள்.

றம்ஸானுக்கு முதலிலிருந்து முழு மருந்து ஏறியிருந்தது. இந்த முறை விழுங்கியபின் கால் மணி நேரம் கதை, இன்பமலரின் டோர்ச் வெளிச்சத்தோடு. ரத்தத்தில் ஒரு கிருமிகூட இல்லை. றுஷ்தா நிம்மதியாகச் சிரித்தாள்.

எட்டாம் கட்டிலில் அஞ்சலோ. கையில் சேலைன். கப்பல் அவனை விட்டுவிட்டுப் போயிருந்தது.

ரிப்கா கேரியரைத் திறந்து இரண்டு கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு டொக்டர்... இனிக் குளிசை கடத்துறதுக்கு லிங்கநகர் வரைக்கும் ஓட்டோ பிடிக்கத் தேவையில்லை!"