எந்தக் கேள்விக்கும் வராத பெயர்

மாலை 3.34. சிறுசேரி.

மீட்டிங் முடிந்து வெளியே வந்த ரோஹிணி கைபேசியை எடுத்தாள். ‘குட்டிக்கூடு’ காப்பகத்தின் செயலியிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

“மகிழினி 3.20-க்கு அழைத்துச் செல்லப்பட்டாள். அழைத்துச் சென்றவர்: அம்மா.”

மறுபடியும் படித்தாள். மகிழினிக்கு வயது நான்கு. அவளுடைய அம்மா, காப்பகம் இருக்கும் சேலையூரிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, ஐந்தாவது மாடியில் நின்றுகொண்டிருந்தாள்.

காப்பகத்துக்குப் போன் போட்டாள். பொறுப்பாளர் ஜெயஸ்ரீ எடுத்தாள்.

“மேடம், நீங்கதானே வந்து கூட்டிட்டுப் போனீங்க? சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு.”

“நான் ஆபீஸ்ல இருக்கேன். என் குழந்தை எங்க?”

ரோஹிணி அழைப்பைத் துண்டித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே போலீசுக்கு அழைத்தாள். கணவன் சத்யநாராயணன் புனேயில் இருந்தான். அவனும் வரவில்லை, யாரையும் அனுப்பவும் இல்லை.

மாலை 4.45. சேலையூர்.

நவம்பர் மழை மூன்று நாளாக விடவில்லை. காப்பகத்தின் வாசலில் ஜீப் நின்றது. பின்புறக் கேட் திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் பத்தடி தூரத்தில், ஏரியின் உபரி நீர் கால்வாயில் பழுப்பாகப் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அதில் இறங்கியிருந்தார்கள்.

ரோஹிணி அந்தப் பக்கம் ஒரு தடவைதான் பார்த்தாள். அப்புறம் கால்வாய் கண்ணில் படாதபடி முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் ஜோதிலட்சுமிக்கு நாற்பது வயதிருக்கும். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர்.

“உக்காருங்கம்மா. ஒண்ணு, உங்க பேரைச் சொல்லி யாரோ வந்து கூட்டிட்டுப் போயிருக்கணும். இல்லன்னா...” அவர் முடிக்காமல் ஜெயஸ்ரீ பக்கம் திரும்பினார். “இன்னிக்கு எத்தனை பிள்ளைங்க?”

“பன்னெண்டு. மழைக்கு மத்தவங்க லீவு. எல்லாரும் ஸ்கூல்லேர்ந்து வேன்ல வந்தவங்க.”

“வந்ததை யார் பதிஞ்சது?”

“நான்தான். வேன் லிஸ்ட் மொத்தத்துக்கும் ஒரே பட்டன். 12.52-க்கு அழுத்தினேன்.”

“குழந்தையை யார் கையில குடுத்தீங்க?”

“நான் குடுக்கல மேடம். ஆயா முத்தாலம்மாள்தான் வாசல்ல நின்னாங்க. நான் ஆபீஸ் ரூம்ல இருந்தேன்.”

“ஆயா எங்க?”

“வூட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சுன்னு போயிட்டாங்க. போன் ஸ்விட்ச் ஆஃப்.”

ஆயாவைத் தேடிப் போன கான்ஸ்டபிள் பாதி வழியில் திரும்பி வந்திருந்தார். அந்தத் தெருவுக்குள் ஜீப்பே போகவில்லை.

“குழந்தை மத்தியானம் இங்க இருந்தது நிச்சயமா?”

“நிச்சயமா மேடம். சாப்பிட்டிருக்கா. பாருங்க.” ஜெயஸ்ரீ தன் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். ‘இன்று சாப்பிடாதவர்கள்: யாரும் இல்லை.’

குழந்தையை வேனில் ஏற்றிவிட்டதைப் பள்ளியில் உறுதி செய்துகொண்டு, வேன் டிரைவர் தாவீதிடம் ஜோதிலட்சுமி நாலரை மணிக்கே பேசிவிட்டிருந்தார். அவன் சொன்னதைக் குறிப்பேட்டிலிருந்து படித்தார்: “அல்லாரையும் எறக்கி வுட்டுட்டேன் மேடம். ஆயா கொடை புட்ச்சுகினு ரெண்டு ரெண்டு பேரா இட்டுகினு போச்சு. நம்ம ஏரியால தண்ணி ஏறுது. அதான் வண்டிய முடிச்சூர்ல ரேஷன் கட பின்னாண்ட காலி மனைல வுட்டுட்டு, பொஞ்சாதி புள்ளைங்கள இட்டுகினு பொழிச்சலூர் மச்சான் வூட்டுக்கு வந்துகினேன்.” அதற்குப் பிறகு அவன் போனும் போய்விட்டது.

ஆக, குழந்தை வேனிலிருந்து இறங்கியிருக்கிறது, சாப்பிட்டிருக்கிறது. பின்புறக் கேட் திறந்திருக்கிறது. ஜோதிலட்சுமியின் பார்வை ஜன்னல் வழியாகக் கால்வாய்க்குப் போனது. ரோஹிணி அதைக் கவனித்தாள்.

“மேடம், இந்த ஆப்பை யார் செஞ்சது?” என்றாள் திடீரென்று.

“எதுக்கு?”

“என் வேலையே டேட்டாபேஸ்தான். இந்தத் திரை காட்டறதை நான் நம்பல. உள்ள இருக்கறதைப் பார்க்கணும். சும்மா உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்.”

மாலை 5.02.

செயலியைச் செய்தவன் கார்த்தி. மேடவாக்கத்தில் இரண்டே பேர் நடத்தும் சின்ன கம்பெனி. விஷயத்தைக் கேட்டதும் தயங்கினான்.

“மத்த குழந்தைங்க விவரமும் இருக்கு மேடம். அப்படித் திறந்து விட முடியாது.”

ஜோதிலட்சுமி போனை வாங்கினார். “தம்பி, எழுத்துல நான் தரேன். என் முன்னாடி வச்சுத்தான் பார்ப்பாங்க. பார்க்க மட்டும் வழி பண்ணு, மாத்த வேணாம். இங்க கால்வாய்ல கயிறு கட்டித் தேடிக்கிட்டிருக்கோம்.”

மூன்று நிமிடத்தில் கடவுச்சொல் வந்தது. ரோஹிணி மடிக்கணினியைத் திறந்தாள். எழுத்துகள் மாறி மாறி விழுந்தன. மூன்றாவது முயற்சியில்தான் உள்ளே போக முடிந்தது.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லிக்கிட்டே செய்யுங்க” என்றார் ஜோதிலட்சுமி.

“ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி மேடம். பேருக்கு ஒரு கட்டம், தேதிக்கு ஒரு கட்டம். மத்த எல்லாத்தையும் ஒரே கட்டத்துல மூட்டை மாதிரி கட்டிப் போட்டிருக்காங்க. ஜேசன்னு சொல்லுவோம். வந்த நேரம், சாப்பாடு, தூக்கம், கூட்டிட்டுப் போனவர்... ஒவ்வொண்ணும் ஒரு தலைப்பு, அதுக்கு எதிர்ல பதில். மூட்டைக்குள்ள இருக்கறதைக் கேள்வி கேட்டுத்தான் எடுக்கணும்.”

“சாப்பாட்டை யார் பதியறது?”

ஜெயஸ்ரீ பதில் சொன்னாள். “ஆயா. டேப்லெட்ல ஒவ்வொரு குழந்தையா, தட்டைப் பார்த்துட்டு அழுத்துவாங்க. முழுசு, பாதி, இல்லைன்னு மூணு பட்டன்.”

ரோஹிணி முதல் கேள்வியைத் தட்டினாள். இன்றைய வரிகள் எத்தனை? பன்னிரண்டு.

சாப்பாடு ‘இல்லை’ என்று இருப்பவர்கள்? பூஜ்யம்.

“அதான் சொன்னேனே” என்றாள் ஜெயஸ்ரீ.

சாப்பாடு ‘இல்லை’ என்று இல்லாதவர்கள்? திரையில் பெயர்கள் வரிசையாக விழுந்தன. ரோஹிணி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். முழுசு எட்டு. பாதி மூன்று.

அவள் கை அப்படியே நின்றது.

“என்னம்மா?”

“பதினொண்ணு.”

“சரி?”

“சாப்பிடலைன்னு கேட்டா ஒருத்தரும் வரல. அதுக்கு நேர் எதிரா கேட்டா பதினொரு பேர்தான் வர்றாங்க. மொத்தம் பன்னெண்டு மேடம். ஒரு பேர் ரெண்டு கேள்விக்கும் வரல.”

ரோஹிணி மகிழினியின் வரியை மட்டும் எடுத்து, மூட்டையை அப்படியே விரித்தாள். வந்த நேரம் 12.52. அழைத்துச் சென்ற நேரம் 3.20. அழைத்துச் சென்றவர் அம்மா. அவ்வளவுதான். சாப்பாடு என்ற தலைப்பே அதில் இல்லை. தூக்கம் என்ற தலைப்பும் இல்லை.

“‘இல்லை’ன்னு எழுதியிருந்தா அது ஒரு பதில். இங்க பதிலும் இல்ல, கேள்வியும் இல்ல. தலைப்பே இல்லாத வரியை, ‘இல்லை’யான்னு கேட்டாலும் கம்ப்யூட்டர் தராது, ‘இல்லை’ தவிரன்னு கேட்டாலும் தராது. தெரியாதுன்னு ஒதுக்கிடும். அதனாலதான் அந்தத் திரையில ‘யாரும் இல்லை’ன்னு வந்தது.”

ஜோதிலட்சுமி மெதுவாகக் கேட்டார். “ஆயா ஏன் இவளுக்கு மட்டும் அழுத்தல?”

“தட்டு முன்னாடி உக்காந்த குழந்தைக்குத்தான் அழுத்துவாங்க. இவ உக்காரல.” ரோஹிணி மகிழினியின் வரியைத் தொட்டுக் காட்டினாள். “இந்த வரியில ஆயாவோட விரலே படல மேடம். அந்த 3.20 பொய்ப் பதிவை விட்டா, 12.52-க்கு எல்லாருக்கும் சேர்த்து அழுத்தின ஒரு பட்டன், அது மட்டும்தான். இவ உள்ளயே வரல. கால்வாய் பக்கம் போயிருக்கவே முடியாது. இவ...”

வாக்கியத்தை ஜோதிலட்சுமி முடித்தார்.

“வேன்.”

முடிச்சூரில் ரேஷன் கடைக்குப் பின்னால் உள்ள காலி மனை. வண்டியை அங்கே விட்டபோது மணி இரண்டுகூட ஆகியிருக்காது. இப்போது ஐந்து இருபது. இடையில் மூன்றரை மணி நேர மழை.

மாலை 5.58. முடிச்சூர்.

ஜீப் வெள்ளத்தின் விளிம்பில் நின்றுவிட்டது. அதற்கு மேல் தெரு இல்லை. சுற்றுச்சுவர்களின் தலையும், மூழ்கிய ஸ்கூட்டர்களின் கண்ணாடிகளும் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. வெளிச்சம் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. வழியிலேயே ஜோதிலட்சுமி போனில் சொல்லி வைத்திருந்ததால் ஒரு படகு தயாராக நின்றது. மக்களை மீட்கக் கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்த மீனவர்களின் படகு. அதன் சொந்தக்காரர் வீராசாமி.

“இன்னா வண்டிமா?”

“மஞ்சள் வேன் அண்ணா. ரேஷன் கடைக்குப் பின்னால” என்றாள் ரோஹிணி.

“அந்தப் பக்கம் மூணு வேன் கீது. ஒண்ணு கவுந்து கீது.”

ரோஹிணி படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். கவிழ்ந்து கிடந்தது முதலில் வந்தது. வெள்ளை நிறம். அவள் பிடித்திருந்த மூச்சை விட்டாள். இரண்டாவது, ஒரு கூரியர் வண்டி. மூன்றாவது, காலி மனையின் மூலையில், ஜன்னலின் கீழ் விளிம்பு வரை தண்ணீரில் நின்றது. மஞ்சள்.

“மகிழ்! மகிழ்!”

வீராசாமி டார்ச்சை அடித்தார். கண்ணாடிக்குள் சேற்றுத் தண்ணீரும், மிதக்கும் ஒரு தண்ணீர் பாட்டிலும் தெரிந்தன. முன் இருக்கைகளில் யாரும் இல்லை. நடு இருக்கைகளிலும் இல்லை.

“பின்னாண்ட போ” என்று படகில் இருந்தவனிடம் சொன்னார் வீராசாமி.

பின் கண்ணாடியில் வெளிச்சம் பட்டது. கடைசி இருக்கையின் முதுகில், கூரையில் தலை இடிக்க, ஒரு நீல மழைக்கோட்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. அசையவில்லை. பிறகு வெளிச்சம் கூசி முகத்தைத் திருப்பியது.

“உசிரோட கீது! உசிரோட கீதும்மா!”

பக்கவாட்டு ஜன்னலைத் துடுப்பால் உடைத்தார்கள். வீராசாமி பாதி உடலை உள்ளே நுழைத்து அவளை இழுத்து எடுத்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. குரல் கட்டிப்போயிருந்தது.

“நான் கூப்ட்டேன்மா” என்றாள் மகிழினி. “ரொம்ப நேரம் கூப்ட்டேன். யாருமே வரல.”

ரோஹிணி அவளை மார்போடு சேர்த்து, படகின் அடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை 9.40. தாம்பரத்தில் ஒரு மருத்துவமனை.

மகிழினிக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. வார்டுக்கு வெளியே நாலு பேர் நின்றார்கள்: ஜோதிலட்சுமி, ரோஹிணி, ஜெயஸ்ரீ, முட்டிவரை நனைந்த புடவையோடு முத்தாலம்மாள்.

“ஒண்ணு மட்டும் பாக்கி” என்றார் ஜோதிலட்சுமி. “வேன்ல தூங்கின குழந்தையைக் கவனிக்காம விட்டது டிரைவரோட தப்பு. தலை எண்ணாதது இவங்க எல்லாரோட தப்பும்தான். ஆனா மூணு இருபதுக்கு அம்மா கூட்டிட்டுப் போனாங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்காங்க. அது கவனக்குறைவு இல்ல. பொய். யாரு?”

“வாசல்ல ஆயாதான் இருந்தாங்க” என்றாள் ஜெயஸ்ரீ.

முத்தாலம்மாள் திடுக்கிட்டாள். “நானா? இன்னாம்மா சொல்ற? நீதான ரெண்டு மணிக்கே போன்னு அனுப்சே? அந்தப் பொண்ணு மழைக்கு லீவுன்னு நெனச்சுகினேன். அத்த நான் கண்ணாலயே பாக்கல.”

“மேடம், அவங்க பயத்துல ஏதோ...”

“பதினொரு குழந்தைங்களோட வரியிலயும் இன்னொரு தலைப்பு இருக்கு” என்றாள் ரோஹிணி. இரவெல்லாம் தூங்காத குரல், ஆனால் நடுங்கவில்லை. “போட்டோ. வாசல் டேப்லெட்ல கூட்டிட்டுப் போறவங்களைப் படம் எடுக்காம அடுத்த திரைக்கே போக முடியாது. காலையில கார்த்திகிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். மகிழ் வரியில போட்டோங்கற தலைப்பே இல்ல. அப்போ அந்தப் பதிவு டேப்லெட்ல போட்டது இல்ல.”

“வேற எங்க போட முடியும்?” என்றார் ஜோதிலட்சுமி, ஜெயஸ்ரீயின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டர்ல, திருத்தம் செய்யற திரையில. அது ஒரே ஒருத்தரோட கடவுச்சொல்லுக்குத்தான் திறக்கும்.” ரோஹிணி அவள் பக்கம் திரும்பினாள். “உங்களுது.”

ஜெயஸ்ரீ பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“மூணு மணிக்கு எண்ணிப் பார்த்தேன். ஒண்ணு குறைஞ்சது. பின் கேட் திறந்திருந்தது. நான்தான் குப்பை போடப் போய்த் திறந்து விட்டிருந்தேன். கால்வாயைப் பார்த்தேன். முடிஞ்சதுன்னு நெனச்சேன் மேடம். சத்தியமா, குழந்தை போயிடுச்சுன்னுதான் நெனச்சேன். பயந்துட்டேன். இனி தேடி என்ன ஆகப்போகுதுன்னு...”

“மூணு மணிக்குத் தண்ணி வேன் டயருக்குத்தான் வந்திருக்கும்” என்றாள் ரோஹிணி. “அப்பவே ஆயாவுக்கோ டிரைவருக்கோ ஒரு போன் போட்டிருந்தா, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். ஆயா பேர்ல பழி வேற.”

“பயந்துட்டேன் மேடம்.”

“நானும் பயந்துட்டேன். நான் தேடினேன். நீங்க எழுதினீங்க.”

ஜோதிலட்சுமி ஜெயஸ்ரீயின் தோளைத் தொட்டு எழுப்பினார். இருவரும் படியிறங்கிப் போனார்கள். முத்தாலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வார்டுக் கதவின் ஓரமாக ஒதுங்கி நின்றாள். உள்ளே போகலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ரோஹிணி கதவைத் திறந்து பிடித்தாள்.

“உள்ள வாங்க ஆயா. எழுந்துட்டா.”