உறைந்த குளத்தில் ஒரு துளை

வெந்நீர்ப் பானை இன்னும் அடுப்பில்தான் இருந்தது. ஆனால் ஜன்னல் வழியே பார்த்தால், தோட்டத்தில் உறைந்து கிடந்த மீன்குளத்தில், கரையோரமாக, ஏற்கெனவே ஒரு துளை விழுந்திருந்தது.

காலையில் பானையைப் பனிக்கட்டிமேல் வைத்து உருக்கித் துளை போடுவது அவள் வேலை. மூடிய குளத்தில் மீன்களுக்கு மூச்சு முட்டும். தட்டி உடைக்கவும் கூடாது; அந்த அதிர்ச்சியிலேயே செத்துவிடும். இதெல்லாம் போன குளிர்காலத்தில் ஏழு வயது மகள் சிட்டு பெரிய டாக்டரம்மா மாதிரி சொல்லிக்கொடுத்தது. இந்தக் குளிரைப் பார்க்க சிட்டு இல்லை. காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அம்மாவின் கையை இழுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, "ஜில்லுனு இருக்கு, எடுக்காதம்மா" என்று முனகியபடியே போய்விட்டாள்.

"நீங்களா துளை போட்டீங்க?"

"நான் எதுக்கு அந்தப் பக்கம் போறேன்?" கணவன் ஷூவை மாட்டியபடி சொன்னான். "மீனை யாருக்காவது குடுத்துடலாம். அதைப் பாத்துப் பாத்தே நீ கரைஞ்சு போற."

"அவ வளத்த மீனுங்க. ஒண்ணு செத்தாலும் அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவன் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

அவள் பானையைத் தூக்கிக்கொண்டு போனாள். விடிந்தும் வெளிச்சம் வராத அந்தத் தோட்டத்தில், காலடியில் பனி நொறுங்கும் சத்தத்தோடு, ஈரத்துணியின் வாடையும், மகளின் அறையில் நாள்கணக்கில் அடைந்து கிடந்த மருந்தின் இனிப்பு நெடியும் கூடவே வந்தன.

துளை வட்டமாக இல்லை.

உள்ளங்கை. ஐந்து விரல்கள். சின்ன விரல்கள்.

தட்டவில்லை. உடைக்கவில்லை. பொறுமையாக உருக்கியிருந்தது.

அடியில் அசையாமல் கிடக்க வேண்டிய மீன்களெல்லாம் மேலே வந்து, எதையோ சுற்றிக் குளிர்காய்வதுபோல் நெருக்கியடித்து நின்றன.

"சிட்டு?"

பானையை வைத்துவிட்டு, கையை உள்ளே விட்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

ஏதோ பிடித்தது.

சின்னக் கை. அனலாய்க் கொதித்தது. அவளை இழுக்கவில்லை. அவள் கையை மெல்ல நகர்த்திக் கொண்டுபோய், தன் நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டது.

காய்ச்சல் இன்னும் விடவில்லை.