நீலத்துக்கு அடியில்

தூத்துக்குடி கடற்கரை ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு பழைய முத்து வியாபாரியின் வீட்டை மியூசியமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் கூடத்துச் சுவருக்கு முதன்முதலில் என்ன நிறம் அடித்திருந்தார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலை ஜாக்சனுக்கும் அவன் மனைவி விஜிலாவுக்கும் வந்தது. இருவருக்கும் அதுதான் தொழில். சின்னக் கத்தியை வைத்துப் பெயிண்டை அடுக்கடுக்காகச் சுரண்டி எடுப்பார்கள்.

வெள்ளைக்கு அடியில் மஞ்சள் இருந்தது. பிறகு பச்சை. அதற்கும் கீழே அழகான நீலம். அதுதான் முதல் நிறம், முடிந்தது வேலை என்று விஜிலா சொன்னாள். ஜாக்சனுக்கு மனசு கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சுரண்டினான்.

கருஞ்சிவப்பு.

வெயில் கொளுத்தும் மத்தியானம். ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன. ஆனாலும் சிப்பி அழுகுகிற வாடை கூடத்தில் மெல்ல ஏறியது. விஜிலா ஒரு பொருக்கை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். எந்தப் பெயிண்டாக இருந்தாலும் நிறப்பொடி தெரியும். இதில் ஒரு பொடியும் இல்லை. அது பெயிண்டே இல்லை. ஆபீசில் சொல்லிவிட்டுப் பிறகு தொடலாம் என்றாள்.

அவன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. வெறி பிடித்தவன் போலச் சுரண்டிக்கொண்டிருந்தான். நீலம் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. உள்ளிருந்து ஒரு கையின் தடம் வெளிப்பட்டது. சுவரில் விரித்து ஊன்றிய ஐந்து விரல்கள். அவை அப்படியே தரைவரை வழுக்கிக்கொண்டு போயிருந்தன.

ஜாக்சன் தன் கையை அதன்மேல் வைத்தான்.

சுவருக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள். ஆழத்திலிருந்து மேலே வந்தவன் முதல் மூச்சை இழுப்பதுபோல், நீளமாக.

“ஏங்க, கைய எடுங்க,” என்றாள் விஜிலா.

அவன் திரும்பினான். அவளைக் கழுத்தோடு பிடித்துச் சுவரில் மோதினான். பின்மண்டை விண்ணென்றது. கத்தி முனை அவள் வயிற்றில் நின்றது.

“ஏளா, முழுங்கிட்டியா?”

அது அவன் குரல் இல்லை. வயசான, தடித்த குரல். முத்துக் குளிப்பவர்களை அதட்டிப் பழகிய முதலாளியின் குரல்போல் இருந்தது.

“என்னத்தங்க?”

“முத்த.”

கத்தி இறங்கும்போது அவள் திமிறி விலகினாள். சேலை கிழிந்து விலாவில் சுரீரென்று எரிந்தது. கைக்கு எட்டிய சுத்தியலை எடுத்து அவன் இடது தோளில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் பிடி விட்டது. ஆனால் முகத்தில் வலியே இல்லை. அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான்.

“அப்ப இங்கனதான் இருக்கு.”

அவள் பாய்ந்து கையைப் பிடிப்பதற்குள் கத்தியைத் தன் வயிற்றில் ஏற்றிக் குறுக்கே இழுத்துவிட்டான். அதோடும் நிறுத்தவில்லை. விரல்களை உள்ளே விட்டுத் தேடினான்.

அவள் அலறலைக் கேட்டு வாட்ச்மேன் மந்திரமூர்த்தி கேட்டிலிருந்து ஓடி வந்தார். இருவரும் சேர்ந்துதான் அவன் கையைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. சுவர் அடிவரை நனைந்திருந்தது. எது பழைய ரத்தம், எது புதியது என்று விஜிலாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெரியாஸ்பத்திரியில் ஜாக்சனைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். போலீஸ் கேட்டதற்கு, தலை சுற்றி விழுந்ததில் கத்தி குத்திவிட்டது என்று விஜிலா சொன்னாள். வேறு எதைச் சொன்னாலும் அவனைப் பைத்தியம் என்பார்கள். தன் விலாத் தையலைச் சேலையால் மூடிக்கொண்டு இரவும் பகலும் அவன் பக்கத்திலேயே இருந்தாள். கூடத்தில் சுவருக்குப் புதுப்பூச்சு பூசி முடித்தாயிற்று என்று மந்திரமூர்த்தி போனில் சொன்னபோதுதான் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

அன்று காலை ஜாக்சன் கண் விழித்தான். ஸ்பூனால் கஞ்சி ஊட்டினாள். பாதிக் கிண்ணம் குடித்தான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். முகம் துடைக்கத் துண்டை நனைத்துக்கொண்டு வந்தாள்.

கிண்ணத்தில் ஸ்பூனைக் காணோம்.

அவன் வலது கை போர்வைக்குள் இருந்தது. கண்கள் அவள் முகத்துக்கு வரவில்லை. அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தன.

“ஏளா, கிட்ட வா,” என்றான், அந்தத் தடித்த குரலில்.