அம்மாவுக்கு ரிலீப்

விழுப்புரத்திலிருந்து ராமேஸ்வரம் வந்து மூன்று நாள் ஆகிவிட்டது. இந்த மூன்று நாளில் பொன்னி ஏழு தடவை கடலில் குளித்துவிட்டாள். அவள் தம்பி சீனு எத்தனை தடவை குளித்தான் என்று யாருக்கும் தெரியாது. அவன் காதுக்குள் எந்நேரமும் மணல் இருந்தது. அம்மா மட்டும் இன்னும் கடலைப் பார்க்கவே இல்லை.

தீவுக்கு வந்துவிட்டு ஒருத்தர் கடலைப் பார்க்காமல் இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். தாராளமாக முடியும். ஓர் அடுப்படி இருந்தால் போதும்.

பொன்னியின் அப்பா கோதண்டபாணி ரயில் எஞ்சினில் பயர்மேன். நாளெல்லாம் கரியை வாரி வாரி நெருப்பில் போடுகிற வேலை. ரயில்வேயில் கிடைத்த இலவச பாஸில்தான் குடும்பத்தோடு இந்தக் கோடை விடுமுறைக்குக் கிளம்பினார். திண்டிவனத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியப்பா சக்கரபாணியும், "நானும் வர்றேன்டா" என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு சேர்ந்துகொண்டார்.

கிளம்புகிற அன்று முழுக்க அம்மா வழிக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டினாள். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும், "பாம்பன் பாலம் வந்தா என்னை எழுப்புங்க. நான் கடலே பாத்ததில்ல" என்று சொன்னாள். விழுப்புரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பாண்டிச்சேரி இருக்கிறது. இதோ இருக்கிற ஊர்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லிச் சொல்லியே பத்து வருஷம் ஓடிவிட்டது.

பாலம் வந்தது. எல்லாரும் ஜன்னலில் முட்டி மோதினார்கள். அம்மாவை எழுப்ப ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, பொன்னிக்கும்கூட. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நெஞ்சு குறுகுறுத்தது.

ராமேஸ்வரத்தில் வீரம்மாள் என்பவர் வீட்டின் பின்கட்டில் தங்கினார்கள். அங்கே ஓர் அறை, ஓர் அடுப்படி. பாத்திரமும் விறகும் வீரம்மாள் கொடுப்பார். சமைத்துச் சாப்பிடுவது வந்தவர்கள் பாடு. வந்தவர்கள் என்றால் யார்? வேறு யார், அம்மாதான்.

முதல் நாள் நல்ல தண்ணீருக்கு இரண்டு தெரு தாண்டிப் போக வேண்டியிருந்தது. அம்மா குடத்தோடு போய் வந்து சமைத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்தது. இரண்டாம் நாள் விறகு ஈரம். ஊதி ஊதி அம்மாவின் கண் சிவந்துவிட்டது. மூன்றாம் நாள் பெரியப்பா ஆசையாகக் கேட்டார்.

"ஏம்மா தையலு, மொச்சைக்கொட்டை போட்டு ஒரு காரக்கொழம்பு வெச்சா இன்னா?"

"வெக்கறேன் மாமா" என்றாள் அம்மா. அவள் முழுப் பெயர் தையல்நாயகி. மொச்சை வேகவே மத்தியானம் ஆகிவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா துண்டால் விசிறிக்கொண்டே சொன்னார்.

"நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கு வண்டி. இன்னிக்குச் சாயங்காலம்தான் கடைசி. ஜல்தியா கெளம்பி, கடல்ல ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடலாம்."

"நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் அம்மா. "ராத்திரிக்குச் சோறாக்கணும். நாளைக்கு வண்டிக்கும் கட்டணும்."

"பாவம், அவளுக்கு அலுப்பா இருக்கும். ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார் பெரியப்பா.

பொன்னிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து சோறாக்குவதற்குப் பெயர் ரெஸ்ட்டா?

சற்றுப் பொறுத்து அடுப்படியை எட்டிப் பார்த்தாள். அம்மா சுவரில் சாய்ந்து, கையில் கரண்டியைப் பிடித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். முந்தானையெல்லாம் கரி. நாளைக்கு ரயில் ஏறிவிட்டால் அம்மா மறுபடி எப்போது கடலுக்கு வருவாள்?

அப்பாவிடம் கெஞ்சலாம். "அவதான் வரலேன்றாளே" என்பார். அம்மாவை இழுக்கலாம். "வேலை கெடக்குதுடி" என்பாள்.

பொன்னி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அடுப்போரம் கிடந்த கரித்துண்டு ஒன்றை எடுத்தாள். அறையில் பெரியப்பா முறுக்கு கட்டி வந்த தாள் கிடந்தது. அதன் பின்பக்கம் கோடு போட்டு எழுத ஆரம்பித்தாள்.

எழுதி முடித்ததும் அப்பாவிடம் நீட்டினாள்.

"அப்பா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். ஒரு பயர்மேனோட டூட்டி."

எஞ்சினில் ஏறின நேரம், இறங்கின நேரம் எல்லாவற்றையும் எழுதி வைப்பது அப்பாவின் தொழிலில் வழக்கம். நேரம் மிஞ்சிப் போனால் அந்த ஆளை இறக்கிவிட்டு வேறு ஆளை ஏற்றுவார்கள். அதற்குப் பெயர் ரிலீப். ரிலீப் தாமதமாக வந்த நாளில் அப்பா வீட்டுக்கு வந்து போடுகிற சத்தம் காலனிக்கே கேட்கும்.

அப்பா தாளைப் படித்தார்.

"ஏறினது காலையில நாலரை மணி. எறங்கினது ராத்திரி பத்து. அடேயப்பா! அடுத்த நாளும் நாலரைக்கு ஏறிட்டானா? அன்னிக்கும் பத்து மணியா? இன்னிக்கும் நாலரைக்கு ஏறினவன் இன்னும் எறங்கலியா?"

அவர் முகம் சிவந்துவிட்டது.

"அண்ணே, இதைப் பாத்தியா அநியாயத்தை? மூணு நாளா ஒரே ஆளை நெருப்புகிட்ட நிக்க வெச்சிருக்கானுங்க! மனுசனா, மாடா?"

"ரிலீப் கேக்க வேண்டியதுதானே?" என்றார் பெரியப்பா.

"வாயில்லாப் பூச்சியா இருப்பான், பாவம். எந்த எஞ்சின் ஷெட்டும்மா இது? யாரு இவனுக்கு இப்படி டூட்டி போட்டது?"

"நீங்கதான்பா" என்றாள் பொன்னி.

அப்பா திருதிருவென்று விழித்தார். பொன்னி அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினாள். கரண்டியோடு தூங்கும் அம்மாவை அப்பா பார்த்தார். பெரியப்பாவும் பார்த்தார். வாயில் இருந்த முறுக்கை அவர் மெல்லாமலே முழுங்கினார்.

அப்பா தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

"தையலு, எறங்கு."

அம்மா திடுக்கிட்டு விழித்தாள். "இன்னாங்க? எங்க எறங்கறது?"

"எஞ்சினை வுட்டு எறங்கு. இனிமே நான் பாத்துக்கறேன். நீ போய்க் கடலைப் பாரு."

"ஐயோ, உங்களுக்குச் சோறு வடிக்கத் தெரியுமா?"

"நெருப்பு தெரியும். மத்தது தெரியலேன்னா வீரம்மா அக்காவைக் கேட்டுக்கறேன்."

"புளி எங்க இருக்குன்னு தெரியுமா? மிளகாயை ரொம்பக் கிள்ளிப் போட்டுடாதீங்க. எண்ணெய் காயறதுக்குள்ள கடுகை..."

அம்மா பேசி முடிப்பதாகக் காணோம். பொன்னி அவள் ஒரு கையையும் சீனு மறு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பெரியப்பாவும் கூடவே நழுவப் பார்த்தார்.

"அண்ணே, நீ எங்க போற? குடத்தை எடு. தண்ணி யாரு கொண்டாறது?" என்ற அப்பாவின் குரல் பின்னால் கேட்டது.

கடற்கரைக்கு வந்ததும் அம்மா நின்றுவிட்டாள். அந்தப் பக்கத்துக் கடலில் பெரிய அலை கிடையாது.

"ஏரியாட்டம் இருக்குதே! ஆனா கரையைக் காணோமே?" என்றாள்.

மெல்ல உள்ளே இறங்கினாள். முழங்கால், இடுப்பு, கழுத்து. சேலை குடை போல மேலே மிதந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனையோ நாள் அலுப்பு அந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சீனு அவள் முகத்தில் தண்ணீரை வாரி அடித்தான். அம்மா திட்டவில்லை. அவளும் இரண்டு கையாலும் வாரி அடித்தாள். அம்மாவுக்கு இப்படியெல்லாம் விளையாடத் தெரியும் என்பது பொன்னிக்கு அன்றுதான் தெரிந்தது.

"போலாமாம்மா?" என்று பொன்னி மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அம்மா, "இருடி" என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பினார்கள். அடுப்படியிலிருந்து தீய்ந்த வாசனை தெருவரைக்கும் வந்தது. அப்பாவின் மூக்கிலும் நெற்றியிலும் கரி. பெரியப்பா குடத்தைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"சோறு கொஞ்சம் கொழைஞ்சிடுச்சு" என்றார் அப்பா. "பருப்பு அடிபிடிச்சிடுச்சு. இந்த அடுப்பு ரொம்பப் பேஜாரு புடிச்ச அடுப்பு. அதுக்கு எங்க எஞ்சினே தேவலாம்."

அம்மா அடுப்படிக்குள் போவாள், எல்லாவற்றையும் சரி செய்வாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அம்மா போகவில்லை. சேலை மாற்றிக்கொண்டு வந்து, எல்லாருக்கும் முன்னால் இலையின் முன் உட்கார்ந்தாள்.

"பசிக்குது, போடுங்க" என்றாள்.

அப்பா கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.