முடிவில் மாற்றமில்லை

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியலைங்க... உங்களுக்கு?"

கோபம் மறந்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெரியவில்லைதான்! விமானிகளையும் விமானியாகப் போகிறவர்களையும் சோதிக்கும் மருத்துவமனை அது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, வெளியே உட்காரச் சொல்லியிருந்தார்கள். இடித்தவனுக்கும் அதே மருந்துதான். தட்டுத் தடுமாறி இருவரும் ஒரே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்தது.

போனை அவனிடம் நீட்டினாள். "இந்த மெசேஜைப் படிங்களேன்."

தள்ளி வைத்துப் பார்த்தான், மூக்கருகே வைத்துப் பார்த்தான். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குங்க."

அப்பாவாகத்தான் இருக்கும். 'சம்மதம் சொல்லிட்டியா?' என்று காலையிலிருந்து ஒரே நச்சரிப்பு.

ஒரு பெரிய விமான நிறுவனம் அவளை விமானி பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. பயிற்சி, வேலை, எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் இப்போதைய வேலையை விட வேண்டும், பல வருடம் அவர்களுக்கே கட்டுப்பட வேண்டும். இல்லையென்றால் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் கிளப். லீவு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்கலாம், ஆனால் வேலைக்கு உத்தரவாதமில்லை. எந்தச் சரக்கை விமானத்தில் எங்கே ஏற்றினால் எடை சமமாகும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. அதை விட மனசு வரவில்லை. பதிலோ இன்று மாலைக்குள் வேண்டும். எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினாள்.

"நான் அந்த மாதிரி ஒரு கிளப்ல சொல்லிக் கொடுக்கிறவன்," என்றான். "வருஷா வருஷம் இந்தச் சோதனைக்கு வரணும்."

"அப்போ நீங்களே சொல்லுங்க, எது நல்லது?"

"சொல்ல மாட்டேன்."

"ஏனாம்?"

"நீங்க சிரிக்கிறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும். இப்போ என் பேச்சுல நியாயம் இருக்காது..."

அவளுக்கு மறுபடி சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஆனாலும் ரோஷம் விடவில்லை. "யாரோ ஒருத்தர் முகத்துக்காக முடிவெடுக்கிறவ இல்ல நான். அந்த முகமே கலங்கலாத்தான் தெரியுது!"

அவள் யோசித்தாள், ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு போன் அடித்தது.

"அப்பா, நான் கிளப்லயே கத்துக்கிறேன்."

"பைத்தியமா உனக்கு? அவனவன் தவம் கிடக்கிறான்!"

"கிடக்கட்டும்ப்பா. கட்டுப்பட்டுப் போய் சீக்கிரம் ஓட்டுறதை விட, என் சம்பளத்துல லேட்டா ஓட்டுறேன். ஆனா ஓட்டுவேன். கம்பெனிக்கு நானே சொல்லிடறேன்."

மறுமுனையில் பெருமூச்சு. "பிடிச்ச பிடியை விடமாட்டியே... சரி, குடை எடுத்துட்டுப் போனியா?"

போனை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "உங்க கிளப்லதான் சேரப் போறேன். ஆனா எனக்கு வேற வாத்தியாரைப் போடச் சொல்லுங்க."

அவன் குரல் இறங்கிவிட்டது. "ஏங்க... நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"எனக்கு ஓட்டத் தெரியுதுன்னு கையெழுத்துப் போடறவரும், என் மனசுல இருக்கிறவரும் ஒரே ஆளா இருந்தா நல்லாவா இருக்கும்?" தலை தானாகக் குனிந்தது. "உங்களைப் பிடிச்சிருக்கு... அதான்."

மழை எப்போது விட்டது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"இன்னும் என் முகத்தையே நீங்க சரியாப் பார்க்கலையே..." என்றான் மெல்ல.

நிமிர்ந்தாள். மருந்தின் வேகம் தணிந்திருந்தது. நெற்றி, மூக்கு, பயந்துபோன இரண்டு கண்கள்... நிதானமாக, ஒன்று விடாமல் பார்த்தாள்.

"பார்த்துட்டேன்," என்றாள். "முடிவுல மாற்றமில்ல."